வறட்டுத்துணி ஹவில்தாரும் நாலாம் நம்பர் பெட்டியும்

எண்ணெயைப் பிறவி விரோதியாக நினைத்து வாழ்ந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில், எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்ன குற்றத்துக்காக மாமனாரோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர். கேண்டீனில் வடை வாங்கினால் தோளில் கிடக்கும் துணியால் அதை முன்னும் பின்னும் ஒத்தி எடுத்துவிட்டுத்தான் கடிப்பார்.

அந்தத் துணியை வைத்துத்தான் அவருக்குப் பெயர். பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, அரியலூர் வெயிலில் மொடமொடவென்று காயப்போட்ட இரண்டு துணிகள் எப்போதும் அவர் தோளில் கிடக்கும். இடது தோள் துணி துப்பாக்கிக்கு, வலது தோள் துணி வடைக்கு. எட்டு வருடத்தில் ஒரு நாள்கூட அது மாறி நான் பார்த்ததில்லை. ஆலையில் எல்லோரும் அவரை வறட்டுத்துணி ஹவில்தார் என்றே சொன்னார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ராணுவத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர். சொந்த ஊர் ஆண்டிமடம். அங்கே ஒரு முந்திரித் தோப்பும் கறாரான மனைவியும் அவருக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் இரண்டையும் பார்த்துவிட்டு வருவார். எங்கள் ஆலையில் ஆறு துப்பாக்கிகள் இருந்தன. சுண்ணாம்புக்கல் குவாரிக்கு வெடிமருந்து கொண்டுபோகும் வேனுக்குக் காவலாக ஆறு முன்னாள் ராணுவத்தார் அவற்றைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த ஆறையும் பராமரிப்பதுதான் ஹவில்தாரின் உத்தியோகம். நான் செக்யூரிட்டி ஆபீஸ் கிளார்க். அப்போது அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இருந்ததால், லைசென்ஸ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூருக்கு பஸ் ஏறுவது என் உத்தியோகம்.

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். அது பழைய ரகம். பின்னால் இருக்கும் போல்ட்டை முழுசாக இழுத்து முன்னால் தள்ளினால்தான் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். தோட்டாக்கள் அடியில் ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள், ஸ்பிரிங்கின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஐந்து கொள்ளும். பெட்டியைக் கழற்றி மாட்டலாம். ஸ்டோர் ரிஜிஸ்டரில் அதன் பெயர் மேகசின். எங்கள் வாயில் அது பெட்டி.

சிமெண்ட் ஆலைக்கு வந்த பிறகுதான் அவருடைய எண்ணெய் விரோதம் முற்றியது. ஆறாம் நம்பர் துப்பாக்கிக்காரர் கலியபெருமாள், ஜெயங்கொண்டத்து ஆள். கடப்பாரை பிடித்து வளர்ந்த கை. தோட்டா கொஞ்சம் இறுக்கமாகப் போகிறது என்று, தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பெட்டிக்குள் ஊற்றிவிட்டார். மூட்டை கட்டும் இடத்திலிருந்து பறந்து வருகிற சிமெண்ட் தூசு அதில் போய் ஒட்டி, ஒரே வாரத்தில் கெட்டியாக அப்பிக்கொண்டது. ஸ்பிரிங் மேலே வரவே இல்லை. ஹவில்தார் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"ஏங்க, தோட்டாவுக்கு வூடு கட்டச் சொல்லி யார் சொன்னது உங்களுக்கு? கிரகப்பிரவேசத்துக்காச்சும் சொல்லியிருந்தா மொய் எழுதியிருப்பேன்ல."

அன்று முதல் துப்பாக்கி அறையில் எண்ணெய் தடை செய்யப்பட்டது. பெட்டிகளைப் பெட்ரோலில் கழுவி, வறட்டுத்துணியால் துடைப்பதோடு சரி. பெட்ரோலும் எண்ணெய்தானே என்று நான் ஒரு முறை கேட்டேன். "அது பறந்துடும். தங்குறதுதான் தப்பு" என்றார்.

துப்பாக்கி இறுகினால் எப்படிக் கோளாறு கண்டுபிடிப்பது என்பதற்கு அவரிடம் ஒரு வரிசை இருந்தது. அதை அவர் மாற்றவே மாட்டார்.

"மொதல்ல கையச் சந்தேகப்படணும். அப்பறம் தோட்டாவ. அப்பறம் பெட்டிய. கட்டக்கடைசியா, வேற வழியே இல்லைன்னாத்தான் துப்பாக்கிய."

கை என்றால், போல்ட்டைப் பாதி இழுத்துவிட்டுப் பயந்து பயந்து தள்ளுகிற கை. தோட்டா என்றால், நசுங்கியது, அழுக்கானது, அல்லது அடுக்கத் தெரியாமல் அடுக்கியது. ஒவ்வொரு தோட்டாவின் பின்பக்கத்திலும் ஒரு விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். பெட்டி என்றால் வாய் வளைந்தது, ஸ்பிரிங் தளர்ந்தது, சரியாக மாட்டாதது. அதோடு, ஒரு துப்பாக்கியின் பெட்டியை இன்னொன்றில் போடவே கூடாது. "மாட்டும். ஆனா மனசார உக்காராது" என்பார். நாலாவது கட்டமான துப்பாக்கிக்குத் தன் வாழ்நாளில் போனதே இல்லை என்பது அவருடைய பெருமை.

இந்த வரிசையைத் துப்பாக்கியோடு நிறுத்தியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். கேண்டீனில் இட்லி கல்லாக இருக்கிறது என்று ஒரு புகார் வந்தது. ஹவில்தார் நேரே சமையல்கட்டுக்குள் போய், மாஸ்டர் மாவு கரைக்கும் கையை அரை மணி நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் அரிசி, அப்புறம் தட்டு, கடைசியாக அடுப்பு என்று திட்டம். கையிலேயே கோளாறு கிடைத்துவிட்டதாக அறிவித்தார். மாஸ்டர் அவருக்கு ஒரு வாரம் வடை கொடுக்கவில்லை. இன்னொரு நாள் ஜெயங்கொண்டம் பஸ்ஸின் கதவு திறக்க வரவில்லை. கண்டக்டரை இறக்கி, "எப்படித் தொறப்பீங்கன்னு தொறந்து காட்டுங்க" என்று பத்துத் தடவை இழுக்க வைத்தார். பஸ் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. கதவு அப்போதும் வரவில்லை.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் மேஜை டிராயரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகையை எடுத்து என் பக்கம் தள்ளுவார். தொடர்கதை வந்திருக்கும்.

"வாசிங்க கிளார்க் சார். நான் படிச்சா கதை சப்புன்னு ஆயிடுது. உங்க கொரல்ல ஒரு கெத்து இருக்கு."

நான் வாசிப்பேன். கதாநாயகி அழும்போது குரலைக் கொஞ்சம் நடுங்கவும் விடுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஆபீஸ் லெட்டர் வந்தாலும் என்னையே வாசிக்கச் சொல்வார், நான் வாசித்தால்தான் லெட்டருக்கு ஒரு மரியாதை இருக்கிறதாம். என் வீட்டில் யாரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் நாலாம் நம்பர் துப்பாக்கி இறுக ஆரம்பித்தது. அந்தப் பொங்கலுக்கு முன்னால், பெட்டிகளில் பழைய பெயிண்ட் உரிந்திருந்ததால், ஹவில்தார் ஆறையும் ஒரே வாளிப் பெட்ரோலில் கழுவி, காயவைத்து, வெள்ளை பெயிண்டில் ஒன்று முதல் ஆறு வரை பெரிய பெரிய எண்களாகத் தன் கையாலேயே எழுதியிருந்தார். பொங்கல் முடிந்து பத்து நாளில் காதர் பாய் வந்து நின்றார்.

காதர் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது அரபு நாட்டில் இருப்பார்கள். பாயின் இரண்டு அண்ணன்களும் துபாயில் கடை வைத்திருந்தார்கள். இவர் மட்டும் ராணுவத்துக்குப் போய், பதினேழு வருடம் பனியிலும் மணலிலும் கிடந்துவிட்டு, இனி என் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்காத இடத்தில் படுக்க மாட்டேன் என்று முடிவெடுத்து ஊருக்கு வந்தவர். அண்ணன்கள் விடவில்லை. வாரா வாரம் போன் செய்து, விசா ரெடி, எப்போது வருகிறாய் என்று கேட்டார்கள். இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் தப்பித்துக்கொண்டிருந்தார்.

"ஹவில்தாரய்யா, பெட்டியிலேர்ந்து தோட்டா ஏற மாட்டேங்குது. போல்ட்ட ரெண்டு கையால தள்ள வேண்டியிருக்கு" என்றார் பாய்.

ஹவில்தார் வரிசைப்படி ஆரம்பித்தார். தள்ளச் சொல்லிப் பார்த்தார். பாய் தயங்கித் தள்ளினார். ஏற்கெனவே நான்கு தடவை இடித்துக்கொண்ட கை, ஐந்தாவது தடவை தயங்கத்தானே செய்யும். ஹவில்தார் என்னிடம் திரும்பி, மாதாந்திர ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னார்: நாலாம் நம்பர் துப்பாக்கியில் கோளாறு இல்லை, கையாள்பவர் கையில்தான் கோளாறு. நான் தட்டச்சு செய்தேன். மானேஜர் கையெழுத்துப் போட்டு ஹெட் ஆபீஸுக்கு அனுப்பினார்.

இந்த ரிப்போர்ட்டை எப்போதும் யாரும் படிப்பதில்லை. அந்த மாதம் யாரோ படித்துவிட்டார்கள். பதில் வந்தது. நான்தான் வாசித்தேன். பதினைந்து நாளில் ஹெட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மேஜர் ஒருவர் வருவார். பழைய குவாரிக் குழியில் எல்லோரையும் சுடவைத்துப் பார்ப்பார். நாலாம் நம்பர் ஆள் ஐந்து தோட்டாவையும் தடங்கல் இல்லாமல் சுடாவிட்டால் அன்றே வேலையிலிருந்து விடுவிக்கப்படுவார். எனக்குக் குரலில் கெத்து வரவில்லை.

"பதினேழு வருஷம் ரைஃபிள் புடிச்ச கைங்க இது" என்றார் காதர் பாய். "அதுல கோளாறுன்னு வாயால சொன்னாக்கூடப் பரவால்ல. எழுதியா குடுப்பாங்க?"

"பாய், கையத்தான் மொதல்ல சந்தேகப்படணும். அது முறை."

"உங்க முறையில என் பொழப்பு போவுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "கிளார்க் சார், இந்தத் தோட்டா உள்ள போவலைன்னா நான் பிளேனுக்குள்ள போவணும். எனக்கு பிளேன் ஆவாது."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தினமும் காலையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வெடிக்காத டம்மி தோட்டாக்களைப் போட்டு, பாய் இழுத்துத் தள்ளுவார், ஹவில்தார் பார்ப்பார். பேச வேண்டியதெல்லாம் என் வழியாகப் போய் வரும். "இன்னும் வேகமாத் தள்ளச் சொல்லுங்க கிளார்க் சார்." "தள்ளிக்கிட்டுதான் இருக்கேன்னு சொல்லுங்க சார்." பாயின் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. பெட்டி வழிக்கு வரவில்லை. நாலாம் நாள் ஹவில்தார் தலையைக் குனிந்துகொண்டு, "கை சுத்தம்" என்றார். தோட்டாக்களை ஒவ்வொன்றாக விரலால் உருட்டிப் பார்த்தார். தோட்டாவும் சுத்தம். பெட்டியைப் பிரித்து ஸ்பிரிங்கை மாற்றினார், வாயை விரலால் தடவினார். எங்கும் வளைவில்லை.

அடுத்த நாள் அவர் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கண்மை டப்பா வாங்கி வந்தார்.

ஐம்பத்து மூன்று வயது ஹவில்தார் கண்மை வாங்கிய செய்தி அவருக்கு முன்னால் ஆலைக்குள் வந்துவிட்டது. அவர் யாரையும் கண்டுகொள்ளாமல், ஐந்து டம்மி தோட்டாவிலும் மை பூசி, பெட்டியில் அடுக்கி, போல்ட்டைத் தள்ளி வெளியே எடுத்தார். எங்கே உரசுகிறதோ அங்கே மை அழிந்திருக்கும் என்பது கணக்கு.

"எங்க அழிஞ்சிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க கிளார்க் சார். உங்களுக்கும் பழக்கம் ஆவட்டும்."

நான் சொன்னேன். மூக்குப் பக்கம் கீழே இடிக்கிறது, பின்னால் போல்ட் மேல் விளிம்பை மட்டும் தொடுகிறது. பெட்டி ஒரு நூல் தாழ்ந்து உட்கார்கிறது என்றார் அவர். ஆனால் பெட்டியில் கோளாறு இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது துப்பாக்கி. வாழ்நாளில் போகாத நாலாவது கட்டம். அந்த வாரம் அவர் வடையைத் துடைக்காமலே சாப்பிட்டார். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடம் போனார். மை டப்பா சட்டைப் பையிலேயே போயிருக்கிறது. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆலை வாசலில் ஒரு அம்மா வந்து நின்று, செக்யூரிட்டி ஆபீஸ் எது என்று கேட்டார்.

"யாருக்குங்க வாங்குனீங்க இத?" என்று டப்பாவை மேஜையில் வைத்தார் ஹவில்தாரின் மனைவி.

"தோட்டாவுக்கு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஹவில்தார் ஐந்து கறுப்புத் தோட்டாக்களையும் எடுத்து வரிசையாக வைத்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தார்.

"இருவத்தெட்டு வருசத்துல எனக்கு ஒரு மை டப்பா வாங்கியாந்திருப்பீங்களா? இரும்புக்கு வாங்கியாறீங்க. அதுவும் பூசி என்னாத்தக் கண்டீங்க? நேத்து வந்த கல்யாணப் பத்திரிகையத் தலகீழாப் புடிச்சிக்கிட்டு, நல்ல சம்பந்தம்னு சொன்ன மனுசந்தான நீங்க? கண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. தொடர்கதை. ஆபீஸ் லெட்டர். எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்க்கிற விரல். என் குரலின் கெத்து. கடைசியாகச் சொன்னதுதான் அதிகமாக வலித்தது.

நான் எழுந்து போய் நாலாம் நம்பர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை நான்குக்குப் பின்பக்கம், துப்பாக்கி நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் எறும்பு அளவில் குத்தியிருந்தது. 38. ரிஜிஸ்டரைத் திறந்தேன். நாலாம் நம்பர் துப்பாக்கி 88-ல் முடிந்தது. 38-ல் முடிந்தது ஆறாம் நம்பர். ஓடிப்போய்க் கலியபெருமாளின் பெட்டியை வாங்கிப் பார்த்தேன். 88.

"உங்க துப்பாக்கி இறுக்கமா இல்லியா?" என்று கேட்டேன்.

"இருக்குது. இருந்துட்டுப் போவட்டும்னு ஒரு குத்து குத்துவேன், போயிரும்" என்றார் கலியபெருமாள்.

ஹவில்தார் இரண்டு பெட்டியையும் வாங்கி, பொடி எண்களை விரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். பெட்டிகளை மாற்றி மாட்டி, டம்மியைப் போட்டு, நாலாம் நம்பரின் போல்ட்டை இரண்டே விரலால் தள்ளினார். தோட்டா சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "விடுங்க. நம்பர மாத்தி எழுதிடலாம். பாய் அஞ்சையும் சுட்டுடுவாரு. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்" என்றேன்.

"அப்ப நான் எழுதிக் குடுத்த பேப்பரு? பாய் கையில கோளாறுன்னு அது ஹெட் ஆபீஸ்ல என்னிக்கும் கெடக்கும்ல."

"சொன்னா உங்க வேலை போயிடும்."

"முந்திரி பொறுக்கறதுக்கு இந்தக் கண்ணு போதும்" என்றார். அவர் மனைவி மை டப்பாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

மேஜர் வந்தார். பழைய குவாரிக் குழியின் அடியில், பாறையெங்கும் ஆதிகாலக் கடலின் கிளிஞ்சல் பதிந்த சுவரை ஒட்டிக் குறி அட்டை நிறுத்தினோம். காதர் பாய் முட்டி போட்டு உட்கார்ந்து ஐந்தையும் சுட்டார். இழுத்தார், தள்ளினார், சுட்டார். நடுவில் ஒரு மூச்சுத் தடங்கல் இல்லை. மேஜர் கையில் இருந்த லெட்டரைப் பார்த்தார்.

"நல்லாத்தானே சுடுறாரு. பின்ன இது யார் எழுதினது?"

ஹவில்தார் முன்னால் வந்து விறைப்பாக நின்றார். இரண்டு தோளிலும் துணி.

"நாந்தாங்க சார். கோளாறு கையிலதான், அது மாத்தமில்ல. ஆனா பாய் கையில இல்லைங்க. பெயிண்ட் அடிச்ச கையில." பெயிண்ட் அடிக்கும்போது 38-ம் 88-ம் ஒன்றாகத் தெரிந்து பெட்டி மாறிய கதையை ஒன்று விடாமல் சொன்னார். கண் தெரியாததையும் சொன்னார். எத்தனை நாளாக என்று மேஜர் கேட்டதற்கு, மூன்று வருடம் என்றார். மானேஜர் வானத்தைப் பார்த்தார்.

முதலில் வாயைத் திறந்தது காதர் பாய்தான். "சார், இவுரு என்னைய மொதல்ல சந்தேகப்பட்டாரு. வாஸ்தவம். ஆனா அதோட வுடல. பத்து நாளா என்கூட உக்காந்து தேடுனாரு. வேற ஆளா இருந்தா என்னைய எப்பவோ பிளேன் ஏத்தியிருப்பாங்க."

மேஜர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஹவில்தாரிடம் நீட்டி, பெட்டியின் எண்ணை வாசிக்கச் சொன்னார். ஹவில்தார் அதை மாட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"எண்பத்தெட்டு" என்றார். பிறகு மெதுவாக, "இவ்வளவு பெருசாவாங்க சார் குத்தியிருக்கான்?"

மேஜர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் தண்டனை உண்டு. கண்ணாடி வாங்கும் வரை துப்பாக்கி அறைச் சாவி கிளார்க்கிடம் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். பன்னிரண்டு நாள் ஹவில்தார் தினமும் காலையில் என் மேஜை முன்னால் சல்யூட் அடித்துச் சாவி வாங்கினார். நான் கூனிக் குறுகிப்போனேன். கண் டாக்டரிடமும் விடவில்லையாம். முதலில் போர்டைச் சந்தேகப்படுங்கள், அப்புறம் பல்பை, கண்ணைக் கடைசியாகப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

கண்ணாடியோடு வந்த முதல் நாள் கேண்டீனில் வடையைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்தார். அதில் இவ்வளவு எண்ணெய் இருந்தது அவருக்குத் தெரியாதாம். காதர் பாய் வீட்டிலிருந்து ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும் கொண்டுவந்து வைத்தார். மேலே மிதந்த எண்ணெயைப் பார்த்தும் ஹவில்தார் தோள் துணியைத் தொடாமல் முழுசையும் சாப்பிட்டார். அவர்களுடைய சண்டை அதோடு முடிந்தது.

சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு, வழக்கம்போல டிராயரைத் திறந்து, வாரப் பத்திரிகையை என் பக்கம் தள்ளினார். எனக்குள் பழைய வலி கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"அதான் கண்ணாடி வந்துடுச்சே. நீங்களே படிக்க வேண்டியதுதானே?"

கண்ணாடியைக் கழற்றி, வறட்டுத்துணியால் துடைத்து, பைக்குள் வைத்தார்.

"காலையில படிச்சுப் பாத்துட்டேன் கிளார்க் சார். நெசமாவே சப்புன்னுதான் இருக்கு. நீங்க வாசிங்க." கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது நானே பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு கட்டுரையையும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை சத்தமாக வாசித்துப் பார்ப்பேன். இதையும் வாசித்தேன், அவர் அடுத்த மேஜையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு.